கல்லறையில் வைத்த கேசட்

சிங்காநல்லூர்,
5-11-1994

லோகப்பிரியா அறிவது,

இயேசுவுக்கே புகழ். நான் சுகம். பல்லடத்தில் நீயும் உன் தகப்பனாரும் சுகமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன்.

இரண்டாம் தேதி கல்லறைத் திருநாளன்று நீ வந்திருந்ததைப் பார்த்தேன். கூட்டத்தில் பேச முடியவில்லை. பேச வேண்டியது ஒன்று இருப்பதால் எழுதுகிறேன்.

என் மகன் ஸ்டீவின் கல்லறைமேல், மெழுகுவர்த்திகளுக்கு நடுவில், ஒரு பாட்டுக் கேசட் கிடந்தது. அதை வைத்தது நீதான் என்று பூக்கூடை தூக்கி வந்த நாச்சியம்மாள் சொன்னாள். என் வீட்டில் பல வருடமாக வேலை செய்கிறவள், அவள் கண்ணுக்கு எதுவும் தப்பாது. அட்டையில் ஒரு தகரக் கூரையும், அதன்மேல் தலைமுடி வளர்த்த மூன்று பையன்களும் ஒரு பெண்ணும் உட்கார்ந்திருக்கும் படமும் இருக்கின்றன. 'டின் ரூஃப்' என்று பெயர். இப்படிப்பட்ட கூச்சலை என் வீட்டில் நான் அனுமதித்ததில்லை. கல்லறையிலும் அனுமதிக்க முடியாது.

எங்கள் வழக்கம் பூ, மெழுகுவர்த்தி, செபம். பங்குச் சாமியார் கல்லறைகளை மந்திரித்துக்கொண்டு வரும் நேரத்தில் அது அங்கே கிடப்பது சரியில்லை என்று எடுத்துக்கொண்டேன். என்னிடம் பத்திரமாக இருக்கிறது.

இன்னொன்று. அடுத்த கல்லறைத் திருநாளுக்குள் அவனுக்குக் கல் பதிக்கப்படும். மண் அமிழ்ந்து அடங்க இரண்டு வருடமாவது ஆகவேண்டும் என்று கல் வெட்டுகிற அரங்கசாமி சொல்வதால் பொறுத்திருக்கிறேன். உனக்குத் தெரிந்திருக்கட்டும்.

உடம்பைக் கவனித்துக்கொள்.

ரெஜினா ஞானாபரணம்

*

பல்லடம்,
16-11-1994

மதிப்புக்குரிய அத்தைக்கு லோகப்பிரியாவின் வணக்கமுங்க.

நாங்கள் நன்றாக இருக்கிறோம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? கல்லறையில் நீங்கள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்ததைப் பார்த்தேன்.

உறையின்மேல் 'தம்பிதுரை மகள் லோகப்பிரியா' என்று எழுதியிருந்தீர்கள். அப்பா தன் பெயரைப் பார்த்ததும் தனக்கு வந்ததாக்கும் என்று பிரித்துப் படித்துவிட்டார். படித்து முடித்து, "ஏனம்மணி, இந்தம்மா கடுதாசி எழுதறாங்களா, நோட்டீசு உடறாங்களா?" என்று கேட்டார். கோபித்துக்கொள்ளாதீங்க. தறிச் சத்தத்துக்கு நடுவே பேசிப் பழகியவர், மனதில் பட்டதைச் சொல்லிவிடுவார்.

கேசட்டை வைத்தது நான்தான். மரியாதை இல்லாமல் வைத்ததல்ல. எங்களில், இறந்தவர்களுக்கு என்ன பிடிக்குமோ அதைப் படைப்போம். எங்கள் தாத்தாவுக்குச் சுருட்டும் ஒரு டம்ளர் காப்பியும் வைப்போம். கொஞ்ச நேரம் கழித்து, படைத்ததை வீட்டு ஆட்கள் எல்லோரும் சேர்ந்து எடுத்துக்கொள்ள வேண்டும். வைத்ததை வைத்தபடி விட்டு வந்தால் அது அவர்களுக்குச் சேராது என்பார்கள். (சுருட்டை அப்பா எடுத்துக்கொள்வார்.) உங்கள் மகனுக்கு இந்தப் பாட்டுகளைவிடப் பிடித்தது வேறு எதுவென்று எனக்குத் தெரியவில்லை, அதனால் அதை வைத்தேன். செபம் முடிந்ததும் எடுத்துப் போகலாம் என்று வேப்பமரத்தடியில் நின்றிருந்தேன். நீங்கள் எடுத்துக் கைப்பையில் போட்டதையும் பார்த்தேன்.

கல்லைப் பற்றி நீங்களே எழுதியதால் ஒன்று கேட்கிறேன். செப்டம்பரில் நீங்கள் அச்சடித்த முதல் வருட நினைவு அட்டையில், துயருறும் தாய் என்று உங்கள் பெயர் மட்டும் இருந்தது. அட்டை போனால் போகட்டுமுங்க. கல் அப்படியில்லை. கல்லில் என் பெயர் வருமா? மனைவி என்று ஒரு வரி. வேறு எதுவும் எனக்கு வேண்டாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
லோகப்பிரியா ஸ்டீவ்

*

சிங்காநல்லூர்,
4-12-1994

லோகப்பிரியா அறிவது,

இயேசுவுக்கே புகழ். முழங்காலை விசாரித்ததற்கு நன்றி. அது எனக்கும் முழங்காலுக்கும் இடையில் உள்ள விஷயம்.

படையல் பற்றி நீ எழுதிய விளக்கம் தெளிவாக இருந்தது. உன் எழுத்தில் பிழை இல்லை என்பதையும் கவனித்தேன். ஆனால் கல்லறைத் தோட்டம் எங்களுடையது. என்னை அத்தை என்று எழுதியிருக்கிறாய். அந்த முறை எப்போது தொடங்கியது என்று எனக்குத் தெரியவில்லை.

கல்லில் வெட்ட வேண்டிய வாசகத்தை அரங்கசாமியிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன். அதில் மாற்றம் இல்லை. நீங்கள் இருவரும் பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டீர்கள். எங்கள் கோவிலில் மந்திரிக்கப்படாத ஒரு கல்யாணத்தை எங்கள் கல்லறையில் எழுத எனக்கு வழி தெரியவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு அவன் இருந்த இரண்டு வருடமும் ஸ்டீவ் ஞாயிறுதோறும் பூசை முடிந்ததும் பீளமேட்டிலிருந்து என்னைப் பார்க்க வந்தான். தனியாகவே வந்தான். குறையாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

கேசட்டைப் பதிவுத் தபாலில் அனுப்புவேன். தகுந்த அட்டைப்பெட்டி கிடைக்கவில்லை. கிடைத்ததும் வந்து சேரும்.

கிறிஸ்துமஸ் வருகிறது. உங்கள் வீட்டில் அது இல்லையென்றாலும் என் ஆசீர்வாதம்.

ரெஜினா ஞானாபரணம்

*

சிங்காநல்லூர்,
30-1-1995

லோகப்பிரியாவுக்கு,

நான் சுகம். நீயும் அப்படியே என்று எண்ணுகிறேன். என் கடிதத்துக்கு உன்னிடமிருந்து பதில் இல்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. இது வேறு விஷயம்.

நேற்று மாலை செய்திக்காகத் தொலைக்காட்சியைப் போட்டேன். ஸ்டீவ் முதல் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்தது அது. செய்தியைத் தவிர அதில் எனக்கு வேலை இல்லை. செய்திக்கு முன்னால், வெள்ள நிவாரணத்துக்காகக் கல்கத்தாவில் நடந்த ஒரு கச்சேரி நேரடியாக ஓடிக்கொண்டிருந்தது. சத்தத்தைக் குறைக்க எழுந்தபோது அறிவிப்பாளர், "ஷில்லாங்கிலிருந்து டின் ரூஃப்" என்றார். நவம்பரிலிருந்து என் அலமாரியில் கிடக்கும் பெயர். கண்டிப்பதை என்னவென்று தெரிந்துகொண்டு கண்டிப்பது நல்லது என்று உட்கார்ந்தேன்.

முதல் பாட்டு நான் நினைத்தபடியே இருந்தது. இரண்டாவது பாட்டின் நடுவில் மேடையில் ஏதோ மின்சாரக் கோளாறு. விளக்கெல்லாம் எரிந்துகொண்டுதான் இருந்தன. கிட்டார்களும் ஒலிபெருக்கிகளும் செத்துப்போயின. பையன்கள் கம்பியைத் தட்டித் தட்டிப் பார்த்தார்கள். அந்தப் பெண் மட்டும், காலால் மிதித்து வாசிக்கிற பழைய ஆர்மோனியத்தில் உட்கார்ந்திருந்தாள். அதற்கு மின்சாரம் எதற்கு? அவள் நிறுத்தவில்லை. தலையைக்கூடத் திருப்பவில்லை. கொஞ்ச நேரத்தில் பையன்கள் கிட்டாரைக் கீழே வைத்துவிட்டு அவளைச் சுற்றி வந்து நின்று, வெறும் தொண்டையால், நான்கு குரலாகப் பிரித்துப் பாடினார்கள். எங்கோ ஒரு மைக் மட்டும் உயிரோடு இருந்திருக்க வேண்டும், பக்கத்து அறையில் பாடுவது போலக் கேட்டது. நேரடி ஒளிபரப்பு ஆனதால் யாரும் அதை வெட்டி எடுக்க முடியவில்லை. அத்தனை பெரிய கூட்டத்தில் ஒருவர் இருமவில்லை.

எங்கள் பங்கில் பாடகர் குழுவை முப்பது வருடம் நடத்தியவள் நான். மூன்றாவது குரல் சுத்தமாக இருந்தது. கன்னியர் மடத்துப் பள்ளியில் மதர் எங்களிடம் வருடம் முழுக்கக் கேட்டும் கிடைக்காத குரல் ஒட்டு அது.

குறையும் உண்டு. அந்தப் பெண் மணிக்கட்டைத் தாழ்த்தி வாசிக்கிறாள்.

பாட்டு முடிவதற்குள் செய்தி வந்துவிட்டது. செய்தியில் என்ன சொன்னார்கள் என்று எனக்கு நினைவில்லை.

நான் கேட்பது இதுதான். அந்தப் பாட்டு இந்தக் கேசட்டில் எந்தப் பக்கம் இருக்கிறது? போட்டுக் கேட்க என்னிடம் பெட்டி கிடையாது. தெரிந்துகொள்வதற்காகக் கேட்கிறேன்.

பனி அதிகமாக இருக்கிறது. காதை மூடிக்கொள்.

ரெஜினா ஞானாபரணம்

*

பல்லடம்,
12-2-1995

அத்தைக்கு வணக்கமுங்க. நான் சுகமாக இருக்கிறேன். நீங்களும் சுகமாக இருக்க வேண்டும்.

டிசம்பர் கடிதத்துக்குப் பதில் எழுத எனக்கு மனம் வரவில்லை. இது வேறு விஷயம் என்று நீங்களே சொல்லிவிட்டதால் இதற்கு எழுதுகிறேன்.

நானும் பார்த்தேன். கிட்டார் நின்றதும் அப்பா, "கரண்டு போனது அங்கியா, இங்கியா?" என்று எழுந்து ஃபியூஸைப் பார்க்கப் போய்விட்டார். அதே நேரத்தில் சிங்காநல்லூரில் நீங்களும் பார்த்துக்கொண்டிருந்தீர்கள் என்று எனக்குத் தெரியாது.

உங்கள் மகன் முதன்முதலில் இவர்களைப் பார்த்ததும் ஒரு நேரடி ஒளிபரப்பில்தானுங்க. பீளமேட்டில், நாங்கள் இருவரும் சாப்பிடுகிற மெஸ்ஸில். இலையை எடுக்காமல், கை காயக் காய நின்று பார்த்தார். நான் பக்கத்தில் இருந்தேன். அதுவரை நாங்கள் பேசியதில்லை. அவர் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை அந்தப் பெண்ணைப் பற்றி. "எங்கம்மா மட்டும் இதைப் பார்த்தா, மணிக்கட்டு மேலயே ஸ்கேல்ல ஒண்ணு போடுவாங்க" என்றார். பிறகு கேசட் வாங்கி, போட்ட இடத்திலேயே போட்டுக் கேட்பார். அந்த ஆர்மோனியம் வரும்போதெல்லாம் "அம்மா வந்தாச்சு" என்பார். நீங்கள் மணிக்கட்டைப் பற்றி எழுதியிருந்ததைப் படித்ததும் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டேன். மறுநாள்தான் மீதியைப் படித்தேன்.

அந்தப் பாட்டு இரண்டாம் பக்கம், முதல் பாட்டு. மழை நிற்கட்டும் என்று வாசலில் காத்திருக்கிற ஒருத்தியைப் பற்றியது. அவருடைய டேப் ரிக்கார்டர் என்னிடம் இருக்கிறது. அனுப்பட்டுமா?

அன்புடன்,
லோகப்பிரியா ஸ்டீவ்

*

சிங்காநல்லூர்,
14-3-1995

லோகப்பிரியாவுக்கு,

இயேசுவுக்கே புகழ். சுகமாக இருக்கிறேன். உன் தகப்பனாருக்கு என் விசாரிப்பைச் சொல்.

உன் கடிதம் வந்து ஒரு மாதம் ஆகிறது. அந்த மெஸ்ஸைப் பற்றி நீ எழுதிய பகுதிக்கு நான் பதில் எழுதப்போவதில்லை. படித்தேன் என்பதை மட்டும் தெரிவிக்கிறேன்.

டேப் ரிக்கார்டர் வேண்டாம். இரவல் வாங்குவது என் பழக்கமில்லை. அவன் உன் வீட்டில் வைத்துக் கேட்டது, உன்னிடமே இருக்கட்டும்.

இது தவக்காலம். நாற்பது நாளும் பாட்டுக் கேட்பதில்லை என்பது சிறு வயது முதல் என் ஒழுங்கு. ஆனால் கேட்பது வேறு, கேட்டது தானாக உள்ளே ஓடுவது வேறு. பின்னதற்கு நான் பொறுப்பில்லை. காய் நறுக்கும்போது வாயில் வந்துவிட்டது போலிருக்கிறது. நாச்சியம்மாள், "ஏனுங்கம்மா, கோயில்ல பாட்டை மாத்திப்போட்டாங்களா?" என்று கேட்டாள். வேலையைப் பார் என்றேன்.

ஸ்டீவ் போன பிறகு மூடி வைத்திருந்த என் ஆர்மோனியத்தைத் திறந்தேன். பூச்சி அரித்திருக்கிறதா என்று பார்க்கத்தான். இரண்டு கட்டை ஒட்டிக்கொண்டிருக்கிறது, மற்றவை பேசுகின்றன. அந்தப் பாட்டில் நான் கேட்ட அளவுக்கு வாசிக்க முடிகிறது. அதற்குமேல் எப்படிப் போகிறது என்று தெரியவில்லை. முடியும்போது தொடங்கிய சுரத்துக்கே திரும்பி வருகிறதா? முறைப்படி திரும்பி வர வேண்டும். எழுது.

ரெஜினா

*

பல்லடம்,
21-4-1995

அத்தைக்கு வணக்கம். உயிர்ப்புத் திருநாள் நல்லபடியாக நடந்திருக்கும் என்று நினைக்கிறேன். வெயில் தாங்க முடியவில்லை. உங்களுக்கு அங்கே தண்ணீர் ஒழுங்காக வருகிறதா?

போன கடிதத்தின் உறையைப் பார்த்தேன். 'திருமதி லோகப்பிரியா ஸ்டீவ்' என்று எழுதியிருந்தீர்கள். தபால்காரர் நீட்டியபோது அப்பாவும் பார்த்தார். இந்த முறை வாங்கிப் பிரிக்காமல் என் கையிலேயே கொடுத்தார். உறையை நான் எறியவில்லை.

எனக்குச் சுரம் தெரியாதுங்க. ஆனால் அந்தப் பாட்டு முடிகிற மாதிரி முடியாது. அவர்கள் நிறுத்திவிடுவார்கள், நமக்குத்தான் இன்னும் ஏதோ வரப்போகிறது என்று இருக்கும். அது சரியா தப்பா என்று நீங்களே கேட்டுச் சொன்னால்தான் உண்டு.

திருப்பூரில் அதே ஏற்றுமதிக் கம்பெனிக்குத்தான் வேலைக்குப் போய் வருகிறேன். அப்பாவுக்கு உடம்பு முன்போல் இல்லை. தனக்குப் பிறகு என்ன என்று அடிக்கடி பேசுகிறார். அந்தப் பேச்சு வரும்போது நான் எழுந்து போய்விடுகிறேன். எவ்வளவு நாளைக்கு எழுந்து போவது என்று தெரியவில்லை.

மற்றபடி நலம்தானுங்க.

அன்புடன்,
லோகப்பிரியா

*

சிங்காநல்லூர்,
19-6-1995

அன்புள்ள லோகப்பிரியாவுக்கு,

இயேசுவுக்கே புகழ். உன் தகப்பனாரை நல்ல டாக்டரிடம் காட்டு. வயதானவர்கள் தங்களுக்குப் பிறகு என்ன என்று பேசினால், பாதி நேரம் அது வாயுத்தொந்தரவு.

நேற்று நீயும் பார்த்திருப்பாய். பெங்களூரிலிருந்து டின் ரூஃபின் நேரடி ஒளிபரப்பு என்று பத்திரிகையில் போட்டிருந்தார்கள். நாச்சியம்மாளை முன்னதாகவே வீட்டுக்கு அனுப்பிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். இந்த முறை மின்சாரம் போகவில்லை. போகாமலே நன்றாக இருந்தது. தடித்த கம்பி கிட்டார் வாசிக்கிற அந்தக் கடைசிப் பையனை நான் முன்பு கவனிக்கவில்லை. மற்றவர்கள் எல்லோரும் நிற்கிற தரை அவன். நம் பாட்டை அவர்கள் பாடவில்லை. அது எனக்குக் குறைதான்.

அந்தப் பெண் மணிக்கட்டை உயர்த்திவிட்டாள். யாரோ சொல்லியிருக்க வேண்டும். பழகிய கையைத் திருத்துவது சிரமம், எனக்குத் தெரியும். அவளுக்கு முடிந்திருக்கிறது.

இன்று காலை அரங்கசாமியின் பட்டறைக்குப் போய், நான் கொடுத்திருந்த வாசகத்தைத் திரும்ப வாங்கி வேறு எழுதிக் கொடுத்தேன். அவன் பெயர், பிறந்த நாள், இறந்த நாள். கீழே 'தாய் ரெஜினா'. அதன் கீழே 'மனைவி லோகப்பிரியா'. மனைவியை முதலில் போடட்டுமா என்று அரங்கசாமி கேட்டார். வயதுப்படி போடும் என்றேன். பங்குச் சாமியாரையும் கேட்டுவிட்டேன். கேட்டேன் என்பதைவிடச் சொன்னேன் என்பது பொருந்தும்.

எழுத்தில் பிழை வரக்கூடாது என்பதால் உன் பெயரை நீ எழுதுகிறபடி தனித்தாளில் எழுதி அனுப்பு.

ரெஜினா

*

பல்லடம்,
30-6-1995

அத்தைக்கு வணக்கமுங்க.

கடிதம் கிடைத்தது. பதினெட்டாம் தேதி வீட்டுக்கு ஆட்கள் வந்திருந்தார்கள். டிவி போடவில்லை. கல்லைப் பற்றி யோசித்து எழுதுகிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

லோகப்பிரியா

*

சிங்காநல்லூர்,
21-8-1995

அன்புள்ள லோகப்பிரியாவுக்கு,

சுகமாக இருக்கிறாயா? உன் தகப்பனார் எப்படி இருக்கிறார்? உன் கார்டு வந்த பிறகு ஆடியும் போய்விட்டது.

கேட்டது நீ. யோசிக்க என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. டிசம்பரில் நான் எழுதியதை மனதில் வைத்திருக்கிறாயோ என்று நினைத்தேன். வைத்திருந்தால் வைத்திரு. அதற்காகப் பெயரை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.

கல் வந்துவிட்டது. அரங்கசாமி மேலே வெட்டி, என் வரி வரைக்கும் வந்து, உன் வரிக்குக் கோடு மட்டும் போட்டு வைத்திருக்கிறார். "அந்த அம்மணி எழுதுனாங்களா?" என்று ஞாயிறுதோறும் பூசை முடிந்து வரும்போது கேட்கிறார். எழுதுவாள் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். பொய் சொல்வது எனக்குப் பழக்கமில்லை, ஆகவே எழுது.

ரெஜினா

*

பல்லடம்,
24-9-1995

அன்புள்ள அத்தைக்கு,

நீங்கள் சுகமாக இருக்க வேண்டும். நான் இந்தக் கடிதத்தை ஜூன் மாதத்திலிருந்து எழுதிக்கொண்டிருக்கிறேன்.

பதினெட்டாம் தேதி வீட்டுக்கு வந்த ஆட்கள் என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள். மாப்பிள்ளை பெயர் திருமூர்த்தி. எங்கள் கம்பெனியில்தான் கணக்குப் பார்க்கிறார். அவர் மனைவி பிரசவத்தில் தவறிவிட்டார். அப்பா ஏற்பாடு செய்தது என்று சொல்லி நான் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் முதலில் கேட்டது திருமூர்த்தி, சரி என்றது நான். அப்பாவிடம் பிறகுதான் சொன்னோம்.

அவர்கள் வந்து போன மறுநாள் தேதியிட்டு நீங்கள் எழுதிய கடிதம் பிறகு வந்தது. நான் கேட்ட ஒரே ஒரு வரியைக் கொடுத்து எழுதியிருந்தீர்கள். அதற்கு என்ன பதில் எழுதுவது? ஒரு தாளில் பெயரை எழுதினேன். அனுப்ப முடியவில்லை. அனுப்பாமல் இருக்கவும் முடியவில்லை. அந்தத் தாள் இன்னும் இருக்கிறது.

என் பெயரைப் போட வேண்டாமுங்க. கல்லறைத் தோட்டத்துக்கு நாலு பேர் வருவார்கள், படிப்பார்கள். திருமூர்த்தி ஒன்றும் நினைக்க மாட்டார். "போடட்டும், அது நடந்ததுதானே" என்றுகூடச் சொன்னார். அவர் வீட்டில் பெரியவர்கள் அப்படியில்லை. அதைவிட, மனைவி என்று ஒரு கல்லில் இருந்துகொண்டு இன்னொரு வீட்டில் விளக்கேற்ற எனக்குத் தைரியம் இல்லை. நீங்கள் நினைவு அட்டையில் என் பெயரை விட்டபோது எவ்வளவு அழுதேனோ, இதை எழுதும்போது அதைவிட அதிகமாக அழுகிறேன்.

கல்யாணம் ஐப்பசியில், திருமுருகன்பூண்டிக் கோயிலில், பத்துப் பேரோடு. உங்களிடம் சம்மதம் கேட்கவில்லை. உங்களுக்குத் தெரியாமல் செய்யவும் என்னால் முடியாது.

டேப் ரிக்கார்டரை அப்பாவிடம் கொடுத்தனுப்புகிறேன். இரவல் இல்லை. அந்த வீட்டுக்கு அதை எடுத்துப் போகக் கூடாது, யாருக்கும் கொடுக்கவும் மனமில்லை. நீங்கள் வைத்துக்கொள்ள வேண்டும்.

இனிமேல் உங்களுக்கு எழுதலாமா என்று தெரியவில்லை.

லோகப்பிரியா

*

சிங்காநல்லூர்,
5-11-1995

அன்புள்ள லோகப்பிரியாவுக்கு,

இயேசுவுக்கே புகழ். கல்யாணம் நல்லபடியாக நடந்திருக்கும். புது வீட்டு விலாசம் எனக்குத் தெரியாததால் உன் தகப்பனார் வீட்டுக்கே எழுதுகிறேன். உறையில் 'திருமதி லோகப்பிரியா திருமூர்த்தி' என்று எழுதியிருக்கிறேன். ஒருவர் பெயரைச் சரியாக எழுத எனக்குத் தெரியும்.

தாமதமாகப் பதில் எழுதுகிறேன். முதல் வாரம் உன்மேல் கோபமாக இருந்தேன். இரண்டாவது வாரம் யார்மேல் என்று தெரியாத கோபம். பிறகு உன் தகப்பனார் வந்தார். வாசலில் நின்று, "ஏனுங்க, கடுதாசி எழுதறவங்க ஊடு இதுதானுங்களா?" என்று கேட்டார். உள்ளே கூப்பிட்டுக் காப்பி கொடுத்தேன். சர்க்கரை போதவில்லை என்று சொல்லி இன்னும் ஒரு கரண்டி கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார். டேப் ரிக்கார்டரை மேசைமேல் வைத்துவிட்டு, "புள்ள ரெண்டு வருசமா உள்ளுக்குள்ளயே இருந்துதுங்க. இப்பத்தான் சிரிக்குது" என்றார். அவ்வளவுதான் பேசினோம். பஸ் நிறுத்தம் வரைக்கும் நாச்சியம்மாளை அனுப்பினேன்.

மறுநாள் அரங்கசாமியிடம் போனேன். உன் வரியையும் வெட்டச் சொன்னேன். போன வருடக் கடிதத்தில் நீ போட்ட கையெழுத்தை மாதிரிக்குக் கொடுத்தேன். வெட்டி முடித்ததும், கல்லைத் திருப்பி, மறுமுகத்தை மெருகேற்றி, அதில் அவன் பெயரையும் இரண்டு தேதிகளையும் மட்டும் போடச் சொன்னேன். "அப்ப இந்தப் பக்கமுங்க?" என்று கேட்டார். அது கீழே போகட்டும் என்றேன். "மண்ணைப் பார்த்துக் கிடந்தா யாருங்கம்மா படிக்கறது?" என்றார். படிக்க வேண்டியவன் அங்கேதான் இருக்கிறான் என்றேன்.

ஆகவே, மேலே நின்று பார்க்கிறவர்களுக்கு உன் பெயரும் தெரியாது, என் பெயரும் தெரியாது. உன்னை விட்டுவிட்டு நான் மட்டும் நிற்கிற கல் எனக்கு வேண்டாம். நீ தைரியமாக விளக்கேற்று.

மூன்று நாளைக்கு முன் கல்லறைத் திருநாள். கல் சமமாக உட்கார்ந்திருக்கிறது, மண் அடங்கிவிட்டது. பூவும் மெழுகுவர்த்தியும் வைத்தேன். நடுவில் அந்தக் கேசட்டை வைத்தேன். பங்குச் சாமியார் மந்திரித்துக்கொண்டு வந்தவர் அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். தீர்த்தத்தைத் தெளித்துவிட்டு அடுத்த கல்லறைக்குப் போய்விட்டார்.

வைத்ததை வைத்தபடி விட்டு வரக்கூடாது என்று நீ எழுதியிருந்தாய். செபம் முடிந்ததும் எடுத்து வந்துவிட்டேன். அட்டையில் கொஞ்சம் மெழுகு சொட்டியிருக்கிறது. அன்று மாலை அவனுடைய டேப் ரிக்கார்டரில் முதல் பக்கத்தைப் போட்டுக் கேட்டேன். ஆர்மோனியம் வந்த இடத்தில் எழுந்து நின்றுவிட்டேன், ஏன் என்று தெரியவில்லை.

நம் பாட்டு இரண்டாம் பக்கம் என்று எழுதியிருந்தாய். அதை நான் இன்னும் போடவில்லை. படைத்ததை வீட்டு ஆட்கள் எல்லோரும் சேர்ந்து எடுத்துக்கொள்வதுதான் உங்கள் வழக்கம் என்று எனக்கு நினைவு.

ஞாயிறு பூசை முடிந்து நான் வீட்டில்தான் இருப்பேன். உன் கணவரையும் அழைத்துக்கொண்டு வா.

அத்தை